ஒரே ஒரு கோல் விடுங்க மச்சான்

மதுரை தல்லாகுளத்தில் சோணையின் டீக்கடையில் 'இங்கே ஹாக்கி பேசக் கூடாது' என்று ஓர் அட்டை தொங்கியது. சோணையே எழுதித் தொங்கவிட்டது. அதை யாரும் மதிக்கவில்லை, சோணையும் மதிக்கவில்லை. ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் லீக் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் நேரே அங்கேதான் வரும். பேச்சு முற்ற முற்ற டீ போய்க்கொண்டே இருக்கும். சண்டை ஓய்கிற மாதிரி தெரிந்தால், "அப்ப அந்த ரெண்டாவது கோலு ஆப்சைடு இல்லேங்கிறீக?" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்துவிட்டு, சோணை அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து சீசனில் அந்தக் கடையின் இரண்டு பெரிய வாய்கள் கிருபாகரனும் முத்துக்கருப்பனும். கிருபாகரன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், குடியிருப்பு திருநகரில். ஹாக்கி மட்டையை அவர் கையில் எடுத்தது வாழ்நாளில் ஒரே தடவை. அன்றைக்கும் அது அவருடைய முழங்காலில்தான் பட்டது. ஆனால் பேச உட்கார்ந்தால் ஒலிம்பிக் டீமையே மாற்றி அமைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். முத்துக்கருப்பன் விளாங்குடிக்காரர். திண்டுக்கல் ரோட்டில் உரக்கடை. வயலும் உண்டு, ஆனால் லீக் நடக்கும் மாதங்களில் வயல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. இந்தியா ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கம் ஏழு என்பார் கிருபாகரன்.

"ஏழுன்னு அடிச்சு விடாதீக வாத்தியாரே. அதுல மூணு வெள்ளைக்காரன் கொடியப் பிடிச்சுக்கிட்டு வாங்குனது. நம்ம கணக்குக்கு நாலுதான்."

"ஆடினது நம்ம ஆளுங்கதானே அண்ணே? கொடியா கோல் போட்டுச்சு?"

"அப்ப ஆடுனவன்ல பாதிப் பேரு இப்ப பாகிஸ்தான்ல இருக்கானே, அவன் பங்கைப் பிரிச்சுக் குடுப்பீகளா?"

இந்த விவகாரம் மூன்று வருஷமாக நடக்கிறது. முடிக்க வேண்டும் என்கிற எண்ணம் இருவருக்கும் இல்லை. ஒரு நாள் முத்துக்கருப்பன் காய்ச்சலில் வராமல் போனால் கிருபாகரனுக்கு டீ இறங்காது. அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஆனால் இந்தக் கதைக்கு வேண்டிய விவகாரம் வேறு. அதற்கு விதை போட்டவர் கிருபாகரன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீக் சங்கத்தின் கூட்டம் நடந்தது. இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் யாரை மேலே வைப்பது என்பது பேச்சு. போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்துப் பார்க்கலாம் என்றது முத்துக்கருப்பனின் விளாங்குடி அணி. கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும் என்று திருநகர் அணிக்காகக் கிருபாகரன் எழுந்தார். போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்தால் வருவது கோல் ஆவரேஜ். அது பெரிதாக உள்ள அணிதான் மேலே.

"கழிச்சா, நோஞ்சான் டீமாப் பாத்துப் பத்து கோல் அடிச்சவன் மேல போயிருவான். வகுத்தாத்தான் கோல்கீப்பருக்கு மரியாதை. ஒரு கோலைத் தடுக்கிறது எம்புட்டுப் பெரிய வேலைன்னு வகுத்தல்லதான் தெரியும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கரும்பலகை இல்லாத குறையாக அரைமணி நேரம் பாடம் எடுத்தார். கூட்டம் கொட்டாவி விட்டு, சரி, வகுத்துத் தொலையலாம் என்று ஒப்புக்கொண்டது.

கிருபாகரனுக்கு ஏன் கோல்கீப்பர்கள் மேல் இத்தனை கரிசனம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். திருநகர் அணியின் கோல்கீப்பர் தனிஸ்லாஸ் அவருடைய மனைவி அற்புதமேரியின் அண்ணன். கிருபாகரன் வீட்டார் பிராட்டஸ்டண்ட், தனிஸ்லாஸ் வீட்டார் கத்தோலிக்கர். கல்யாணம் எந்தச் சர்ச்சில் என்று இரண்டு வீட்டாரும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையும் மச்சானும் மட்டும் ஒன்றாக மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள்.

தனிஸ்லாஸ் அதிகம் பேச மாட்டார். பஞ்சாலையில் ஷிப்ட் வேலை, அது விட்டால் கோல் கம்பம். வயது முப்பத்தெட்டு. இடது முழங்காலில் நீர் கோத்துக்கொண்டதால், டாக்டர் இதோடு போதும் என்று சொல்லிவிட்டார். அதனால் இதுதான் கடைசி சீசன். அவருக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது: மெட்ராஸ் எழும்பூர் மைதானத்தில் ஒரு தடவை கோலில் நின்று ஆட வேண்டும். மதுரை லீக்கில் முதலாவது வருகிற அணி மெட்ராஸில் நடக்கிற மாநில கிளப் போட்டிக்குப் போகும். திருநகர் இரண்டு தடவை இரண்டாவது வந்தது. ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனவர், தாலி கட்டும் நேரத்தில் காணாமல் போய்விட்டார். எழும்பூர் மைதானத்துக்குப் போய், ஆளில்லாத கோலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார். காவல்காரர் வந்து விரட்டும்வரை நின்றிருக்கிறார். இதை அற்புதமேரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கிருபாகரனும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஆனால் தானாக அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் போயிற்று, தனிஸ்லாஸ் ஒரு கோல்கூட வாங்கவில்லை. திருநகரின் பார்வர்டுகள் அப்படியொன்றும் சூரர்கள் இல்லை. ஒன்று போடுவார்கள், மிஞ்சினால் இரண்டு. ஆனால் பின்னால் தனிஸ்லாஸ் நின்றார். விளாங்குடிக்காரர்கள் இருபது நிமிஷம் விடாமல் முட்டிப் பார்த்துவிட்டு, பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று வீட்டுக்குப் போனார்கள். கிருபாகரனைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் கிளாஸை நீட்டும்போதே, "ஒரு கோல்கூட இல்லாத டீ ஒண்ணு போடு சோணை" என்பார்.

கடைசி வாரம் வந்தது. விளாங்குடிக்கு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. திருநகருக்கு ஒன்று பாக்கி, ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூரோடு. அதில் ஜெயித்தால் இரண்டு அணிகளும் சமப் புள்ளி.

வியாழக்கிழமை சாயங்காலம் முத்துக்கருப்பன் கடையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தில் இருந்த சாந்தத்தைப் பார்த்தே கிருபாகரன் சுதாரித்திருக்க வேண்டும்.

"வாங்க வாத்தியாரே. எங்க பசங்க போட்டது இருபத்தொண்ணு, வாங்குனது மூணு. உங்க சட்டப்படி வகுத்தா ஏழு. சரியா?"

"சரி."

"நீங்க போட்டது ஒம்பது. வாங்குனது?"

"ஒண்ணுமில்ல!" என்றார் கிருபாகரன், கடை முழுக்கக் கேட்கும்படி.

"அப்ப ஒம்பதை ஒண்ணுமில்லாததால வகுங்க. கேப்போம்."

கிருபாகரனின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. கடையில் இருந்தவர்களுக்குக் கணக்கு புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வாத்தியாரின் முகம் போன போக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பு அங்கங்கே கிளம்பியது. இத்தனை வருஷம் பையன்களின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த சங்கதி, தான் எழுதிய சட்டத்திலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு சீசன் முழுக்க ஒரு கோல்கூட வாங்காத ஆள் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "எங்க அண்ணன் மேல உங்களுக்கு இருந்த நம்பிக்கை அம்புட்டுத்தான்" என்று அற்புதமேரி பிற்பாடு குத்திக்காட்டினாள்.

கடையின் மூலையில் லீக் செயலாளர் வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எதையும் நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்பவர். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், நீங்கதான் இங்க கணக்குத் தெரிஞ்சவரு. பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும்? நீங்க சொல்றதை நான் அப்படியே எடுத்துக்கிறேன்."

கிருபாகரன் நினைத்திருந்தால் வாய்க்கு வந்த ஒரு பெரிய எண்ணைச் சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் மனுஷனுக்கு ஹாக்கியில் புளுக வரும், கணக்கில் புளுக வராது.

"வகுக்க முடியாது" என்றார்.

"முடியாதா, இல்ல உங்களுக்கு வரலியா?" என்று சோணை அடுப்படியிலிருந்து கேட்டார்.

"யாராலயும் முடியாதுய்யா! ஆனா கேளுங்க. ஒரு கோல் வாங்கியிருந்தா ஒம்பது. அரைக் கோல் வாங்கியிருந்தா பதினெட்டு. கால் கோலுன்னா முப்பத்தாறு. குறையக் குறைய ஆவரேஜ் ஏறிக்கிட்டே போகும். அப்ப ஒண்ணுமே வாங்கலேன்னா எல்லாத்துக்கும் மேலதானே?"

"அரைக் கோலா?" என்றார் முத்துக்கருப்பன். "பந்து பாதி உள்ள போயி நின்னா நாங்க கோலே குடுக்கிறதில்லையே வாத்தியாரே. நீங்க கால் கோலு வரைக்கும் போயிட்டீக!"

கடை குலுங்கியது. வெள்ளைத்துரை மட்டும் சிரிக்கவில்லை. சட்டத்தில் ஆவரேஜ் பெரிதாக உள்ள அணி என்றுதான் இருக்கிறது, ஆவரேஜே இல்லாத அணியை நான் எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டார். மறு ஆட்டம் வைக்கலாமே என்றார் ஒருவர். திங்கட்கிழமை காலையில் மெட்ராஸுக்குப் பெயர் போக வேண்டும், நேரமில்லை என்றார் வெள்ளைத்துரை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தும் வகுக்க முடியாத நிலை என்றால், ஆவரேஜ் உள்ள விளாங்குடியே முதலிடம் என்று தீர்ப்புச் சொல்லி எழுந்து போனார்.

கிருபாகரன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மச்சானுக்கு மரியாதை வாங்கித் தர எழுதிய சட்டம் மச்சானின் மெட்ராஸைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. கெட்டிக்காரத்தனம் யாருடையது, நஷ்டம் யாருக்கு என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டார். சனிக்கிழமை காலையில் குளிக்கும்போதுதான் வழி தெரிந்தது. தெரிந்ததும் தலைகூடத் துவட்டாமல் வெளியே வந்தார்.

நாளைக்குத் திருநகர் இரண்டு கோல் போட்டு, ஒரே ஒரு கோல் வாங்கினால்? மொத்தம் போட்டது பதினொன்று, வாங்கியது ஒன்று. ஆவரேஜ் பதினொன்று. விளாங்குடியின் ஏழு எங்கே, பதினொன்று எங்கே! ஜெயிக்க வேண்டும், ஆனால் ஒன்றை விட்டுக்கொடுத்து ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான்.

தனிஸ்லாஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்து கால் பேடுகளுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி மரியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள. என்ன தலையெல்லாம் ஈரம்?"

"மச்சான், நாளைக்கு ஜெயிக்கணும்."

"ஜெயிச்சுருவோம்."

"ஜெயிச்சா மட்டும் பத்தாது. ஒரு கோல் வாங்கணும்."

தனிஸ்லாஸின் கை நின்றது. கிருபாகரன் கணக்கை விளக்கினார். முதல் தடவை வேகமாக, இரண்டாம் தடவை நிதானமாக. மரியம்மாளுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

"நல்லா இருக்கே! சீசன் ஆரம்பத்திலிருந்து ஒரு கோல்கூட உள்ள போயிரக் கூடாதுன்னு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாக்கிழமை தவறாம நான் நடந்துருக்கேன். இப்ப அவருகிட்டப் போயி, சாமி, ஒண்ணே ஒண்ணு போகட்டும்னு யாரு சொல்றது? நீங்க போறீங்களா? உங்க சபையில சாமிகிட்டச் சொல்ல அந்தோணியார் மாதிரி ஒரு ஆளும் கிடையாதே!"

கிருபாகரன் அதைக் காதில் வாங்கவில்லை. மச்சானையே பார்த்தார். தனிஸ்லாஸ் பூசிய பேடையே திரும்பப் பூசினார்.

"விடணும்னு நின்னு எனக்குப் பழக்கமில்ல மாப்ள."

"பழக்கம் என்ன பழக்கம்? பந்து வரும்போது கொஞ்சம் மெதுவா நகருங்க. அம்புட்டுத்தான். ஒரே ஒரு கோல் விடுங்க மச்சான்."

தனிஸ்லாஸ் அடுத்த பேடை எடுத்தார்.

"மெட்ராஸ் போகணுமா, வேண்டாமா?"

"போகணும்" என்றார் தனிஸ்லாஸ். சின்னப் பையன் சொல்வதுபோல் வந்தது குரல். பிறகு, "பசங்களும் ஆசையா இருக்கானுக. சரி மாப்ள. ஒண்ணுதானே, விட்டுர்றேன்" என்றார்.

காரியம் முடிந்தது. கிருபாகரனுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது ஏனோ சந்தோஷமாக இல்லை. இது வெறும் வகுத்தல் கணக்கு, கீழே ஒரு ஒன்று போட வேண்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் அத்தனை கூட்டம் வந்ததே இல்லை. கிருபாகரனின் கணக்கு அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மரியம்மாள் கீரைக்காரியிடம் சொல்லியிருந்தாள், அது போதும். விளாங்குடியிலிருந்து முத்துக்கருப்பன் தலைமையில் இரண்டு டிராக்டர் டிரெய்லர் நிறைய ஆள் வந்து இறங்கியது. அவர்கள் நேரே போய் நின்றது தனிஸ்லாஸின் கோலுக்குப் பக்கத்தில்.

"தனிஸ்லாஸ் அண்ணே! ஒண்ணுகூட விட்றாதீக! உங்கள மாதிரி கோல்கீப்பரு உலகத்துலயே கிடையாது!"

வருஷம் பூராவும் அவரைத் திட்டித் தீர்த்த வாய்கள் அவை. திருநகர் ஆட்கள் பக்கம் சத்தமே இல்லை. என்னவென்று கத்துவது? கோலை விடு என்று வாய்விட்டுக் கத்த அவர்களுக்கு வெட்கம். தனிஸ்லாஸ் மைதானத்தில் இறங்கி, தனக்காகக் கைதட்டும் எதிரிகளையும், தலையைக் குனிந்துகொண்டிருக்கும் சொந்த ஊர்க்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

கிருபாகரன் கூட்டத்தில் இடிபட்டு இடிபட்டு வந்து நின்றது முத்துக்கருப்பனின் பக்கத்தில்தான். வேறெங்கேயும் நின்று அவருக்குப் பழக்கமில்லை.

"என்ன வாத்தியாரே, மச்சானுக்கு என்ன சொல்லி அனுப்பிச்சிருக்கீக?"

"நல்லா ஆடச் சொன்னேன்."

"எந்தப் பக்கத்துக்கு?"

கிருபாகரன் மேல்துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

திருநகர் பசங்கள் இடைவேளைக்கு முன்னாலேயே இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். கணக்கில் பாதி முடிந்தது. மிச்சப் பாதிதான் வரமாட்டேன் என்றது. சமயநல்லூர் அந்த வருஷம் கடைசி இடத்தில் கிடந்த அணி. திருநகரின் தடுப்பாளர்கள் வழிவிட்டு ஒதுங்கியும் அவர்களால் பந்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. ஒருமுறை தனிஸ்லாஸ் கோலை விட்டு இருபதடி வெளியே வந்து நின்றார்; சமயநல்லூர் பையன் ஆளில்லாத கோலைப் பார்த்து மிரண்டு, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பந்தைப் பின்னால் தட்டிவிட்டான். இன்னொருவன் அடித்தது டிராக்டர் டிரெய்லரில் போய் விழுந்தது. ஒவ்வொரு தப்புக்கும் விளாங்குடி ஆட்கள் விசில் அடித்தார்கள். கிருபாகரன் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு மேல்துண்டைக் கடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும். திருநகரின் புல்பேக் நல்லகாமன் பொறுமை இழந்துவிட்டான். கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் தடுமாறி வந்த சமயநல்லூர் பையனை இடுப்போடு கட்டிப் பிடித்துத் தூக்கி அப்பால் வைத்தான். அம்பயர் விசிலை ஊதிவிட்டு, நம்ப முடியாமல் அவனை ஒரு பார்வை பார்த்தார். பெனால்டி ஸ்ட்ரோக். கோல்கீப்பரும் அடிப்பவனும் மட்டும். நடுவில் ஒருவரும் கிடையாது.

அடிக்க வந்தது சமயநல்லூர் சென்டர் பார்வர்ட் பேயாண்டி.

"பேயாண்டி! தம்பி! வெளிய அடிச்சுரு! உரம் ஒரு மூட்டை சும்மா தாரேன்!" என்று முத்துக்கருப்பன் தொண்டை கிழியக் கத்தினார்.

பேயாண்டி திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளாங்குடியும் வேண்டாம், திருநகரும் வேண்டாம். சீசன் பூராவும் தோற்ற அணியின் பார்வர்ட் அவன். மதுரையில் ஒருத்தனும் கோல் போடாத தனிஸ்லாஸுக்கு நான் போட்டேன் என்று சாகும்வரை சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு. அவன் உரமூட்டைக்காக அதை விடுகிற ஆள் இல்லை. கால்களை அகட்டி, பந்தை நன்றாகப் பார்த்து நின்றான். அவன் ஒழுங்காக அடிக்கப் போகிறான் என்பது மைதானம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கிருபாகரன் கண்ணை மூடினார். கர்த்தாவே, உள்ளே போகட்டும் என்று வேண்டிக்கொண்டார். முன்னால் என்றும் இப்படி வேண்டியதில்லை, இனிமேலும் வேண்ட மாட்டேன் என்று சேர்த்துக்கொண்டார். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. திறந்தார்.

பேயாண்டி பந்தை மட்டையால் அள்ளி எறிந்தான். நல்ல அடி. இடது மூலையில் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டிய பந்து. கோலில் நின்றவர் அசையாமல் இருந்தாலே போதும். தனிஸ்லாஸ் அசையாமல்தான் நின்றார். பந்து பாதி தூரம் வந்தது. அதற்குப் பிறகு அந்த உடம்பு என்ன செய்தது என்று அவருக்கே தெரியாது. வீங்கிய முழங்கால் தரையை உதைத்தது, ஆள் முழுதாகப் பக்கவாட்டில் பாய்ந்தார், இடது உள்ளங்கை நீண்டு போய்ப் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தட்டியது. மேலெல்லாம் புழுதியோடு தரையில் விழுந்தார்.

"விட மாட்டான்டா! எங்க மச்சான் விட மாட்டான்டா!"

கத்தியது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிருபாகரன். முத்துக்கருப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். முத்துக்கருப்பனும் குதித்தார், அவர் குதிப்பதில் நியாயம் இருந்தது. வாத்தியார் அவரைவிட ஒரு சாண் உயரக் குதித்தார். மேல்துண்டு எங்கோ போனது, வேட்டி அவிழ்ந்தது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டிக்கொண்டே குதித்தார்.

"வாத்தியாரே," என்றார் முத்துக்கருப்பன் மூச்சு வாங்க, "நீங்க ஏன் குதிக்கிறீக? ஜெயிச்சது நாங்க."

கிருபாகரன் நின்றார். அப்போதுதான் உறைத்தது. பதினொன்றைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. மெட்ராஸ் போயிற்று. அம்பயர் கடைசி விசிலை ஊதினார்.

விளாங்குடி ஆட்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய் தனிஸ்லாஸைத் தோளில் தூக்கினார்கள். தங்கள் அணியின் ஆட்டக்காரர்களைக்கூட அவர்கள் இப்படித் தூக்கியதில்லை. முதலில் கேலிக்குத்தான் தூக்கினார்கள்; பாதி வட்டம் சுற்றுவதற்குள் கேலி போய்விட்டது. திருநகர்ப் பசங்கள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு நல்லகாமன் போய் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான். வெள்ளைத்துரை ஓர் ஓரமாக நின்று கைதட்டினார், ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை.

எல்லோரும் போன பிறகு தனிஸ்லாஸ் கோலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தார். கிருபாகரன் போய் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பேடின் வாரை அவரும் அவிழ்த்தார்.

"விடத்தான் நின்னேன் மாப்ள" என்றார் தனிஸ்லாஸ், தலையைத் தூக்காமல். "சத்தியமா விடத்தான் நின்னேன்."

"தெரியும்."

"மெட்ராஸ் போச்சு. இந்தப் பசங்க ஆசையும் போச்சு." அவருடைய கண்ணிலிருந்து நீர் புழுதியோடு வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "எந்திரிச்சதும் உங்களத்தான் தேடினேன். திட்டுவீங்களேன்னு பயந்துக்கிட்டே திரும்பிப் பாத்தேன்."

கிருபாகரன் அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"பாத்தா, நீங்க வேட்டி அவுந்தது தெரியாம குதிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு தனிஸ்லாஸ் சிரிக்க ஆரம்பித்தார். அழுகை நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. "எனக்குத்தான் கை கேக்கலைன்னா, கணக்குப் போட்டுக் குடுத்த உங்களுக்கு என்ன மாப்ள வந்துச்சு?"

"எனக்கும் தெரியல மச்சான்" என்றார் கிருபாகரன். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. "உங்களப் போயி விடுங்கன்னு கேட்டேனே. அது உள்ள போயிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது."

தனிஸ்லாஸ் பேடுகளை ஒதுக்கி வைத்தார். கையை ஊன்றி எழப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கிருபாகரன் அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு பேடுகளையும் மட்டையையும் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மச்சானின் நடைக்குத் தகுந்தபடி மெதுவாக நடந்தார்.